தங்க வயலில் அவரைப் பந்தல்

கோலார் தங்க வயலில் மார்கழிப் பனி இறங்கும் நாள்களில், அவரைக்காயின் மேல் பிசுபிசுத்து நிற்கும் எண்ணெயின் மணம் தெருவெங்கும் வீசும். கன்னடத்தார் இதனைச் ‘சொகடு’ என்பர். இம்மணமில்லாக் காயை அவர்கள் வாங்குவதில்லை. 1880-க்குப் பின் சுரங்க வேலைக்கென வட ஆற்காட்டிலிருந்து வந்த நம்மவரும் இச்சுவையை விரைவிலேயே கற்றுக்கொண்டனர்.

ஆங்கிலச் சமையல் நூல்கள் ‘பிராட் பீன்ஸ்’ எனக் குறிப்பது வேறு செடி. வடநாட்டில் அதனைப் ‘பாக்லா’ என்பர். பரம்பரையாக ஒரு நொதிக் குறைவு உடையவர்க்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே அழித்துவிடும். வட மாநிலங்களில் வாழும் நம்மவர் இரண்டையும் ஒன்றென எண்ணலாகாது.

ஆடியில் அடிக்கு அடி குழி தோண்டி, மக்கிய தொழுவுரமிட்டு, மூன்று விதை ஊன்றலாம். கொடி பந்தலைத் தொட்டதும் நுனி கிள்ளினால் பக்கக் கிளைகள் விரியும். நாட்டு அவரை, இரவு நீளும் பருவத்திலேயே பூக்கும். நம் வீட்டுக் கொடியொன்று தை வரை பூவாமல் தழைத்தே நின்றது. இரவெல்லாம் அதன்மீது தெருவிளக்கு விழுந்ததே காரணமெனப் பின்னர் அறிந்தோம். 1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் வந்த ஊரல்லவா!

மண்ணைப் பற்றித்தான் அழுத்திச் சொல்லவேண்டும். இவ்வூரில் குன்றுகளாக நிற்கும் ‘சயனைடு’ மேடுகள், பொன் பிரித்தபின் கொட்டிய பாறைத் தூளாகும். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் கோடையில் அத்தூள் பறக்கின்றது. பார்வைக்கு நல்ல மணல்போல் இருப்பினும், அதில் மக்குச் சத்தில்லை. நச்சு எச்சமும் இருக்கக்கூடும். வீட்டுப் பாத்திக்கு அதனை ஒருபோதும் அள்ளி வரலாகாது. மேட்டை அடுத்துக் குடியிருப்போர், பழைய பீப்பாயில் ஏரி வண்டலும் எருவும் நிரப்பிப் பயிரிடுவதே தக்கது. காயையும் பலமுறை கழுவுக.

முற்றிய பச்சை விதையைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, விரலால் அழுத்தினால் தோல் கழன்று பருப்பு துள்ளி விழும். இதுவே பிதுக்குப் பருப்பு. தேங்காய், தனியா, பூண்டு அரைத்துவிட்ட குழம்பும் கேழ்வரகுக் களியும் சேர்ந்தால் வேறொன்றும் வேண்டா. உலர்ந்த விதையிலோ இயற்கையாகவே சிறிது சயனைடுச் சேர்மம் உண்டு. அதனை இரவு முழுதும் ஊறவைத்து, நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும்.

முதற்கொத்தில் பருத்த காய்கள் சிலவற்றைப் பறிக்காது கொடியிலேயே உலரவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி வைப்போமாயின், அடுத்த ஆடிக்குக் கடையை நாடவேண்டியதில்லை.