இருப்புப்பாதை எந்தத் திசையில்?

"வெள்ளைக்காரன் போனாலும் ரயிலை விட்டுச் சென்றானே" என்று நன்றி பாராட்டுவோர் இன்றும் உளர். ரயில் வந்தது, ஊரும் ஊரும் நெருங்கின, சந்தைக்குச் சந்தை இருந்த விலை வேறுபாடு குறைந்தது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், பணம் கொடுத்தவர் யார், பாதை எந்தத் திசையில் போயிற்று என்று கேளாமலே நன்றி சொல்லிவிடலாமா?

லண்டனில் பங்கு திரட்டிய கம்பெனிகளுக்கு ஆண்டுக்குப் பெரும்பாலும் 5 சதவீத வட்டி உறுதி செய்யப்பட்டது. வருமானம் அந்த அளவை எட்டாவிட்டால், குறைந்த தொகையை இந்திய வருவாயிலிருந்து அரசாங்கம் ஈடுகட்டும். சென்னை மாகாணத்தில் அரசாங்கத்தின் பெருவருவாய் எது? நிலவரி! ஆகவே, ரயிலைக் கண்ணால் கண்டிராத உழவனும் லண்டன் சீமானுக்கு வட்டி கட்டினான். இதற்குத் தனியார் முயற்சி என்று பெயர். நட்டமே வராது என்று எழுதி வாங்கிக்கொண்டு செய்த முயற்சி!

திசையைப் பாருங்கள். 1876-இல் தென்னிந்திய ரயில்வே தூத்துக்குடித் துறைமுகத்தை எட்டிற்று. கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த பருத்தி பொதி பொதியாகக் கப்பலேறிற்று. லங்காஷயர் துணியோ அதே தண்டவாளத்தின் வழியே உள்ளே வந்து, நம் நெசவாளியின் தறியோடு மல்லுக்கு நின்றது.

அதே 1876-இல்தான் தாது வருடப் பஞ்சம் தொடங்கிற்று. பஞ்சம் பாதித்த ஊர்களுக்கு ரயில் தானியம் கொண்டுவந்தது உண்மை. அதை வாங்கக் கூலிக்காரன் கையில் காசில்லை என்பதும் உண்மை. இலட்சக்கணக்கானோர் மாண்ட அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை.

ரயில் வந்தால் தொழில் தானே வரும் என்பார்கள். சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குச் சென்ற பெரும்பாதை 1862-இல் போத்தனூர் வழியே போயிற்று. பக்கத்திலிருந்த கோவை நகருக்குக் கிடைத்தது, 1873-இல் வந்த கிளைப்பாதை. ஆனால் ஆலைகள் பெருகியது கோவையில்! அதுவும் எப்போது? 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு. தண்டவாளம் சரக்கைச் சுமக்கும். உள்ளூரில் முதலும் மின்விசையும் இருந்தால்தான் அந்தச் சரக்கு அங்கேயே பொருளாகும்.

தஞ்சை மாவட்டத்தின் கதை வேறு. அங்கே ஜில்லா போர்டு நிலவரியோடு தனி வரி விதித்து, அந்தப் பணத்தில் மாயவரம் – முத்துப்பேட்டைப் பாதையை அமைத்தது. 1894-இல் வண்டி ஓடிற்று. பணம் மிராசுதாரரும் குடியானவரும் கொடுத்தது. வண்டியை நடத்தியதோ தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

அது மீட்டர் பாதை. நாடெங்கும் ஒரே அகலப் பாதை என்னும் திட்டம் 1992-இல் வந்தது. ஆயினும், முத்துப்பேட்டை வழியே திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை அகலப்பாதையில் வண்டி ஓட 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய பாதை பெயர்க்கப்பட்டு, அந்தக் கடலோர ஊர்களின் மக்கள் பேருந்தையே நம்பிக் கிடந்தனர். தங்கள் பாட்டன்மார் வரிகொடுத்துப் போட்ட பாதை, தோழர்களே!