நெடும்பாசேரிக்கு 6 மணி, துபாய்க்கு 4 மணி



காந்தலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பூண்டு விற்ற காசோடு கடன் வாங்கிய காசையும் சேர்த்து, மகனுக்குத் துபாய் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கொச்சியில் காலை 10 மணிக்கு விமானம் புறப்படும். துபாயில் 12.30-க்கு இறங்கும். அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். "இரண்டரை மணி நேரந்தானா? மூணாறு போய்ச் சேரவே அவ்வளவு ஆகுமே!" என்கிறார்.

அம்மா படித்தது சரி. கணக்கில்தான் ஒன்று விட்டுப்போயிற்று. டிக்கெட்டில் புறப்படும் நேரம் கொச்சிக் கடிகாரப்படி இருக்கும். சேரும் நேரம் துபாய்க் கடிகாரப்படி இருக்கும். துபாய் நமக்கு மேற்கே இருக்கிறது. அங்கே நமக்குப் பிறகுதான் விடியும். அதனால் அந்த ஊர்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அங்கே 12.30 என்றால் இங்கே பகல் 2 மணி. ஆக, பயணம் 4 மணி நேரம். 2 மணிக்கு முன்னால் மகன் போன் பேசவில்லையே என்று அம்மா தவிக்க வேண்டியதில்லை.

கொச்சிக்கும் துபாய்க்கும் வானவழியில் சுமார் 2,800 கி.மீ. தூரம். 4-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 700 கி.மீ. வருகிறது. திரும்பி வரும்போது நேரம் கொஞ்சம் குறையலாம். குளிர்காலத்தில் மேல்வானத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். அது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும்.

இனி நம் ஊர்க் கணக்கு. காந்தலூரிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையம் நேர்கோட்டில் 90 கி.மீ.கூட இல்லை. ஆனால் நடுவிலே ஆனைமுடி நிற்கிறது. உயரம் 2,695 மீட்டர். விமானம் 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும். அதற்கு மலை ஒரு பொருட்டல்ல. பஸ்ஸோ மறையூர், மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம் என்று வளைந்து வளைந்து இறங்க வேண்டும். சுமார் 160 கி.மீ. ஆகும். 6 மணி நேரம் பிடிக்கும். மழையில் மண் சரிந்தாலோ, காட்டுயானை சாலையில் நின்றாலோ 6 மணி என்பது 8 மணியாகலாம். விமானம் காத்திருக்காது. வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். அப்படியானால் காலை 7 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நள்ளிரவில் கிளம்புவதைவிட, முந்தின நாளே இறங்கிப் பெரும்பாவூர் பக்கம் தங்கிவிடுவது நல்லது. தங்கும் செலவு டிக்கெட் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்று. பிற்பகல் 2 மணியை 14.00 என்று அச்சடித்திருப்பார்கள். 13 முதல் மேலே எந்த எண் இருந்தாலும் 12-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 00.30 என்றால்தான் பலர் ஏமாறுகிறார்கள். தேதி 12, நேரம் 00.30 என்று இருந்தால், 11-ஆம் தேதி இரவு சாப்பாடு விமான நிலையத்தில்தான். 12-ஆம் தேதி சாயங்காலம் பெட்டியோடு போய் நின்றால், விமானம் முந்தின இரவே போயிருக்கும்.