இணையவழி வகுப்பறையும் இருக்கை அமைப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மாலை வகுப்புத் தொண்டர்களாகிய எங்களுக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு, இணையவழி வகுப்பறையில் திரை அமைப்பைச் சேமித்து வைத்தலும் மீண்டும் பயன்படுத்தலும் என்பதாகும். வெள்ளி விழா மேடைக்கு இது மிகச் சிறிய பொருள் அன்றோ எனச் சிலர் நினைக்கக்கூடும். நாங்களும் முதலில் அவ்வாறே நினைத்தோம். ஆனால் எண்ணிப் பார்த்தபோது, வகுப்பறையில் எது எங்கே இருக்க வேண்டும், யார் எங்கே அமர வேண்டும் என்பது நம் மக்களுக்கு ஒருநாளும் சிறிய பொருளாக இருந்ததில்லை என்பது விளங்கிற்று.

அண்ணல் அம்பேத்கர் தம் இளமையைப் பற்றி எழுதியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். பள்ளியில் தம் தகுதிக்குரிய இடத்தில் ஏனைய மாணவரோடு அமர அவருக்கு உரிமை இல்லை. ஒரு மூலையில், தனியே, கோணித் துணியின்மேல் அமர வேண்டும். பள்ளியைத் தூய்மை செய்யும் ஊழியரும் அக்கோணியைத் தொடமாட்டார். ஆகையால் மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். அந்த வகுப்பறையின் அமைப்பை வரைந்தவர் அவர் அல்லர். அதில் அவருக்கென ஒதுக்கப்பட்டது அந்த மூலை ஒன்றே. அதே அண்ணல்தான் 1945-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்து, யாரும் மூலையில் ஒதுக்கப்படாத வகுப்பறைகளைத் தாமே அமைத்தார். வகுப்பறையை அமைக்கும் உரிமையும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்பதை அவர் வாழ்வே நமக்குக் கற்பிக்கிறது.

இனி நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிகள் மீண்டும் திறந்தன. இடைக்காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. அது பெரும் உதவியே; ஆயினும் தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்க இயலாது. கேள்வி கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லவே நாங்கள் இணையவழி மாலை வகுப்பைத் தொடங்கினோம். நண்பர்கள் சிலர் கட்டணம் செலுத்தி, அடோபி கனெக்ட் என்னும் மென்பொருளில் ஓர் அறையை ஏற்பாடு செய்து தந்தனர்.

இந்த அறையின் சிறப்பு யாதெனில், வகுப்பு முடிந்ததும் அது கலைந்துவிடுவதில்லை. நம் சொந்தக் கட்டடம்போல அதே முகவரியில் அப்படியே நிற்கும். அதன் திரையில் பல பெட்டிகள் உண்டு. பாடத்தைக் காட்ட ஒன்று, வந்திருப்போர் பெயருக்கு ஒன்று, அரட்டைக்கு ஒன்று, குறிப்பு எழுத ஒன்று, வாக்கெடுப்புக்கு ஒன்று, ஆசிரியர் முகம் காட்ட ஒன்று. இவற்றைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், இடம் மாற்றலாம். அவ்வாறு அடுக்கிய ஒழுங்கிற்கு ஒரு பெயர் சூட்டி வைப்பதே திரை அமைப்பு. ஆங்கில வழக்கில் லேஅவுட் என்பர். பகிர்தல், கலந்துரையாடல், கூட்டுழைப்பு என மூன்று அமைப்புகள் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியதை வெறுந்திரையிலிருந்தும் தொடங்கலாம். இருக்கும் அமைப்பை நகலெடுத்துத் திருத்தியும் கொள்ளலாம். வகுப்பை நடத்துபவர் ஓர் அமைப்பின்மேல் சொடுக்கினால், எல்லா மாணவரின் திரையும் ஒருசேர மாறும்.

தொடக்கத்தில் இதை நாங்கள் அறியவில்லை. ஒவ்வொரு மாலையும் பெட்டிகளை இழுத்து ஒழுங்கு செய்வதிலேயே ஒரு மணி நேர வகுப்பில் கால் மணி போயிற்று. வேலை முடிந்து வரும் தந்தையின் கைப்பேசியை இரவல் வாங்கிக் காத்திருக்கும் பிள்ளையின் கால் மணி அது. பின்னர் எங்களுள் ஒருவர் நல்ல அமைப்புகளை உருவாக்கி வைத்தார். ஆனால் அறையோ அவர் பெயரில் இருந்தது. அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, போனார். அவர்மீது குற்றம் சொல்ல மாட்டோம். பிழைப்புத் தேடி வெளியூர் போகாத வீடு நம் பகுதியில் எத்தனை? சந்தாவும் முடிந்தது, கடவுச்சொல் அறிந்தாரும் இல்லை. அமைத்தவை யாவும் போயின. மீண்டும் அமைக்க 12 நாட்கள் ஆயின. அந்த 12 நாட்களில் பத்தாம் வகுப்பு மாணவியர் மூவர் வகுப்பை விட்டு நின்றனர். இருவர் திரும்பினர். ஒருவர் திரும்பவே இல்லை. இவ்வுரை அந்த ஒருவரை நினைந்தே ஆற்றப்படுகிறது.

எனவே, சேமித்தல் என்பதை இருபடியாகக் கொள்ள வேண்டும். முதற்படி, அறைக்குள் அமைப்புகளைப் பெயரிட்டு வைத்தல். நாங்கள் நான்கு வைத்திருக்கிறோம். 'வரவேற்பு' என்பதில் அன்றைய பாடத் தலைப்பும் பெயர்ப் பட்டியலும் மட்டும். 'பாடம்' என்பதில் பாடப் பெட்டியே திரையின் பெரும்பகுதி; கைப்பேசியின் சிறு திரையில் பெட்டிகள் பெருகினால் எழுத்து எறும்பாகிவிடும். ஆசிரியர் முகத்தையும் இதில் காட்டுவதில்லை; பிள்ளைகளின் இணைய டேட்டா மிச்சமாகும். 'வினா' என்பதில் வாக்கெடுப்பும் அரட்டையும். நான்காவதற்கு 'உங்கள் மேடை' என்று பெயர். அதில் ஒரு மாணவரை வழங்குபவர் நிலைக்கு உயர்த்தி, ஆசிரியர் காட்டிய அதே பெரும் பெட்டியில் அவரையே கணக்குப் போட்டுக் காட்டச் செய்கிறோம். மூலை என்று ஒன்று அத்திரையில் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டாம் படி, அறை முழுவதையும் மாதிரி அறையாக்கிப் பொது மாதிரிக் கோப்புறையில் வைத்தல். புதிய அறை திறக்கும்போது அம்மாதிரியைத் தேர்ந்தால், அமைப்புகள் ஆயத்தமாக வந்து நிற்கும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மாதிரியைப் பின்னாளில் திருத்தினால், முன்பே அதிலிருந்து உண்டான அறைகள் தாமே திருந்தா. இன்னொன்றும் உண்டு. அறை அழியாதது போலவே அதில் எழுதியவையும் அழியாது கிடக்கும். உதவித்தொகை விண்ணப்பத்திற்காக ஒரு பிள்ளை அரட்டையில் எழுதிய சாதிச் சான்றிதழ் எண்ணும் வங்கிக் கணக்கும், அடுத்த ஆண்டு அறியாதார் கண்ணில் படலாகாது. அவற்றைத் துடைத்த பின்னரே மாதிரி எடுங்கள்.

கட்டணம் செலுத்த இயலாதோர் தளர வேண்டியதில்லை. 2002-இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய மூடில் என்னும் கட்டற்ற மென்பொருளில், ஒரு பாடத்தின் அமைப்பு முழுவதையும் கோப்பாகக் காப்பெடுத்து வேறோர் இடத்தில் மீட்டு நிறுத்தலாம். மாணவர் விவரங்களை விலக்கியும் எடுக்கலாம். கூகுள் கிளாஸ்ரூமில் வகுப்பை நகலெடுத்தால் தலைப்புகளும் பயிற்சிகளும் வரும், பழைய மாணவர் பட்டியல் வாராது. கருவி எதுவாயினும் நெறி ஒன்றே.

ஒருவர் கையில், ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரே நாளில் போய்விடும் என்பதை நம் மாவட்டம் பெருந்துயரத்தோடு அறியும். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் நம் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டபோது, படிக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அத்தீயில் போயின. அத்துயரோடு எங்கள் 12 நாள் இழப்பை ஒப்பிடவில்லை. பாடத்தை மட்டும் கொள்கிறோம். ஆதலால் இன்று அறை சங்கத்தின் பெயரில் இருக்கிறது. கடவுச்சொல் பொறுப்பாளர் இருவரிடம் உண்டு. ஒவ்வோர் அமைப்பின் படமும் அச்சிடப்பட்டுச் சங்கப் பதிவேட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. நாளை வேறு மென்பொருள் வந்தாலும் அப்படத்தைப் பார்த்து அமைத்துக்கொள்ளலாம்.

திரை அமைப்பு பாடம் நடத்திவிடாது; கைப்பேசியே இல்லாத வீட்டுக்குள் நுழையவும் மாட்டாது. அப்பிள்ளைகளுக்குச் சங்கக் கூடத்தில் ஒரு கணினி இன்னும் தேவைப்படுகிறது. இவ்விழாவில் அதற்கு வழி காணுமாறு வேண்டுகிறோம். இளைஞர்களே, நாங்களும் ஒருநாள் வேலை தேடி வெளியூர் போவோம். நாங்கள் போன மறுநாள் மாலையிலும் வகுப்பு மணி தவறாமல் தொடங்க வேண்டும். பதிவேடு அலமாரியில் இருக்கிறது. இந்த வாரமே இருவர் வந்து கற்றுக்கொள்ளுங்கள்.