கைப்பேசி வழியே கல்லூரிக் கல்வி

 

காரைக்குடி என்றதும் நம் நினைவிற்கு வருபவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவர் 1947ஆம் ஆண்டில் இங்குக் கல்லூரி நிறுவினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தார். அவர் பெயர் தாங்கி 1985இல் தோன்றிய பல்கலைக்கழகம், கல்லூரி வாயிலை நாடி வர இயலாதோர்க்குத் தொலைநிலைக் கல்வியையும் அளித்து வருகின்றது.

முன்பு பாடங்கள் தபாலில் வந்தன. இன்றோ பாடநூல், விரிவுரை, தேர்வு அட்டவணை, நுழைவுச் சீட்டு ஆகிய யாவும் கைப்பேசிக்கே வருகின்றன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பாடநூல்களை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு வைத்துள்ளது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்திலும் விரிவுரைகள் கிடைக்கின்றன.

இவற்றால் பயன் பெறுவோர் யாவர்? பகலில் கடையிலும் வயலிலும் உழைத்து இரவில் படிப்போர். திருமணத்தால் படிப்பை இடையில் விட்ட பெண்கள். ஆனால் பல இல்லங்களில் நல்ல கைப்பேசி ஒன்றே உள்ளது. அது மகன் கையில் இருந்தால் படிப்பு என்றும், மகள் அல்லது மருமகள் கையில் இருந்தால் வீண்பொழுது என்றும் கருதும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இது நீங்க வேண்டும். படிக்கும் பெண்ணுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் கைப்பேசியை ஒதுக்கித் தருவது குடும்பத்தின் கடமையாகும்.

படிப்போர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில உள. அலைவரிசை நன்கு கிடைக்கும் இடத்திற்குச் செல்லும்போதே பாடங்களைப் பதிவிறக்கிக் கொண்டால், பின்னர் இணையமின்றியே வீட்டில் படிக்கலாம். காணொளிக்கு இணைய அளவு மிகுதியாகச் செலவாகும். எழுத்துப் பாடத்திற்குச் சிறிதே போதும். சிறு திரையில் படித்தவற்றைக் குறிப்பேட்டில் கையால் எழுதிப் பழகுதல் நன்று. ஏனெனில் தேர்வு மண்டபத்தில் பேனாவே துணை.

பஞ்சாயத்து செய்யத்தக்கது யாது? 2006ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவை பூட்டிக் கிடக்குமாயின் திறக்கச் செய்க. மாலை வேளையில் விளக்கு, மின்விசிறி, மின்னேற்ற வசதி, இயன்ற இடத்தில் இணைய இணைப்பு ஆகியவற்றை அமைக்கக் கிராமசபையில் தீர்மானம் இயற்றலாம். பெண்கள் அச்சமின்றி வந்து செல்லத் தெருவிளக்கும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பணம் கட்டுமுன், அப்படிப்பிற்கு அங்கீகாரம் உண்டா எனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையத்தளத்தில் பார்த்துக்கொள்க. மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை ஆகிய பட்டங்களைத் தொலைநிலையில் வழங்க அனுமதியில்லை. வேளாண் பட்டம் வீட்டிலிருந்தே பெறலாம் என்று எவரேனும் கூறின் நம்பற்க.

கண்மாய் நிரம்பினால் மட்டும் பயிர் விளைவதில்லை. மடை திறந்து வாய்க்கால் வழியே நீர் வயலை அடைதல் வேண்டும். கல்வியாகிய நீர் நம் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது. வாய்க்கால் அமைப்பது நம் பொறுப்பு. அப்பணியை இவ்வாண்டே தொடங்குவோமாக!