வோக்கியைக் கண்டு பயப்படாதேங்கோ

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசியது. மலர்க்குழுவினர் கேட்டதற்கிணங்க எழுதித் தருகிறேன்.)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஏ.எல்லோடு படிப்பை விட்டவன், இப்போது தொழிற்சாலை வேலை. செயலாளர் அண்ணைதான் "அந்த வோக்கி விசயத்தைப் பத்து நிமிசம் சொல்லு" என்று பிடித்து ஏற்றிவிட்டார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் இருக்கிற இந்த இரண்டு மஞ்சள் வோக்கிகளையும் கண்டவுடனே முன்வரிசையில் இருக்கிற ஐயா ஒருவர், "தம்பி, உதை முதல்ல பையுக்குள்ள வை" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஐயா முழுக்கப் பகிடியாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் வோக்கி யாருடைய கையில் இருந்தது? ஒன்று இயக்கம், மற்றது ஆமி. சாதாரண சனத்தின் கையில் அது இருந்தால் என்ன கேள்வி வரும், எங்கே கொண்டுபோவார்கள் என்பதை நான் இங்கே விளக்கத் தேவையில்லை.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை மேற்பார்வையாளர் ஒரு வோக்கியை நீட்டி, "கிரேன் ஓட்டுபவனோடு இதில்தான் கதைக்க வேண்டும்" என்றார். வாங்கும்போது கை நடுங்கியது. நான் ஏதோ சுகமில்லாதவன் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். ஒரு மாதம் போக அது எனக்கு ஸ்பனர் மாதிரி இன்னொரு ஆயுதமாகிவிட்டது. ஆயுதம் என்றால் வேலைக்கு வேண்டிய சாமான் என்ற கருத்தில்தான் சொல்கிறேன், ஐயா பயப்பட வேண்டாம்.

வேலையில் பழகினேனே ஒழிய வீட்டுக்கு ஒன்று வாங்க மனம் வரவில்லை. வாங்க வைத்தது பெரில் புயல்.

2024 ஆம் ஆண்டு ஜூலை 8, திங்கட்கிழமை விடியப்புறம் பெரில் மட்டகோர்டாவுக்குக் கிட்டக் கரையேறி, காலையில் ஹூஸ்ரனுக்கு வந்தது. 22 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. பல வீடுகளுக்கு ஒரு கிழமை வரை வரவில்லை. அந்த வெக்கை உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே, இந்த மகாத்மா காந்தி மாவட்டத்துக் கடைகள் இருண்டு கிடக்க, ஹில்க்ரொப்ற் வீதியில் சிக்னல் லைற்றும் இல்லாமல் கார்கள் ஒன்றை ஒன்று பார்த்துப் பார்த்துப் போயின.

எங்கள் கட்டடத்துக்கு அடுத்த தொகுதியில், இரண்டாம் மாடியில் எங்கள் ஆட்களின் ஒரு குடும்பம். அந்த அன்ரிக்கு மூச்சுக்கு மெசின் வேண்டும். கரண்ட் நின்றதும் மெசினும் நின்றது. மகன் வேலையில் அகப்பட்டு, வெள்ளத்தால் வர முடியாமல் நின்றான். அன்ரி அவனுக்கு அடிக்கிறா, போகவில்லை. எனக்கு அடிக்கிறா, அதுவும் போகவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு மெக்சிக்கன் பிள்ளை ஒன்று அவவைக் கையில் பிடித்து இறக்கி, தன்ரை காரில் ஏசியைப் போட்டு இருத்தி வைத்திருந்தது. கடவுள் கிருபை, அன்ரி இன்றைக்கும் இந்த மண்டபத்தில் இருக்கிறா. ஆனால் எனக்கு இந்த விசயம் தெரிய வந்தது அடுத்த நாள் பின்னேரம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் முந்நூறு யார் தூரம்தான். முந்நூறு யாருக்குள் ஒரு சொல் வந்து சேரவில்லை. அடுத்த நாளே வோக்கி வாங்க நினைத்தேன்.

செல்போன் ஏன் கைவிடுகிறது என்று சிலர் கேட்கிறீர்கள். கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் நின்றால் அங்கேயுள்ள பற்றரி சில மணித்தியாலம்தான் தாங்கும். கோபுரம் நின்று பிடித்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்தால் நெருக்கடி. 2017 இல் ஹார்வி வெள்ளத்தின்போது ஹூஸ்ரனின் 911 நிலையத்துக்குப் பதினைந்து மணித்தியாலத்தில் சுமார் 56,000 அழைப்புகள் வந்தன. அந்த நேரம் படகு வைத்திருந்த சனங்கள் செலோ என்ற செயலியில் வோக்கி மாதிரிக் கதைத்துப் பலரை மீட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தச் செயலிக்கும் இணையம் வேண்டும். இணையமும் இல்லாத நேரத்துக்குத்தான் கையில் பிடிக்கிற வோக்கி.

இதில் நாங்கள் புதிதாகப் படிக்க அதிகம் இல்லை. வன்னியில் எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். பொருளாதாரத் தடையில் பற்றரி வராத காலம். அப்பா சைக்கிளை ஸ்ராண்டில் நிப்பாட்டி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து றேடியோவுக்குக் கொடுப்பார். நான் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். செத்த பற்றரிகளுக்கு ஆணியால் துளை போட்டு உப்புத்தண்ணீர் விட்டவர்களும், வெயிலில் காய வைத்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. ஒன்பது பத்துக்கே ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் முற்றத்தில். செய்தி முடிய றேடியோவும் நிற்கும், சனமும் கலையும். யாராவது அன்றைக்கு வரவில்லை என்றால் "அவருக்கு என்ன?" என்று ஒருவர் போய்ப் பார்ப்பார்.

இப்போது யோசித்தால், எங்களைக் காத்தது அந்த றேடியோப் பெட்டி மட்டுமல்ல. குறித்த நேரம் ஒன்று இருந்தது. வராதவரைத் தேடிப்போகிற ஆள் ஒருவர் இருந்தார். அந்த இரண்டும் இல்லாவிட்டால் இந்த வோக்கியும் அலுமாரியில் கிடக்கிற விளையாட்டுச் சாமான்தான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் பாவிக்கக்கூடியவை மூன்று வகை.

முதலாவது, எஃப்.ஆர்.எஸ். என்பது. லைசன்ஸ் தேவையில்லை. பதிவு இல்லை, பெயர் இல்லை, யாரும் வாங்கலாம். 22 சனல். பெட்டியில் முப்பத்தைந்து மைல் என்று போட்டிருப்பான், நம்பாதேங்கோ. அது மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்கு. எங்கள் செங்கல் கட்டடங்களுக்கு நடுவே அரை மைல், மிஞ்சினால் ஒரு மைல். மேல் மாடியில், யன்னலோரம், அன்ரனாவை நேரே நிமிர்த்திப் பிடித்தால் கொஞ்சம் கூடப் போகும். 8 முதல் 14 வரையான சனல்களுக்கு அரை வாற் சக்திதான், மற்றவற்றுக்கு 2 வாற் வரை உண்டு. ஆகவே அந்த ஏழையும் விட்டுவிடுங்கள். சோடி நாற்பது ஐம்பது டொலருக்குள் எடுக்கலாம். டபிள் ஏ பற்றரி போடக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜரில் மட்டும் ஏறுகிற வகை கரண்ட் இல்லாத நாளில் என்ன செய்யும்?

இரண்டாவது, ஜி.எம்.ஆர்.எஸ். இதற்கு எஃப்.சி.சி. என்கிற அரச ஆணைக்குழுவின் லைசன்ஸ் வேண்டும். சோதனை இல்லை. 35 டொலர், பத்து வருசம். பதினெட்டு வயது வந்த ஒருவர் எடுத்தால் மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பன், சகோதரம், மாமன் மாமி, மருமக்கள் எல்லோருக்கும் அதுவே போதும். எங்கள் குடும்பங்களை நினைத்தே சட்டம் எழுதினான் போல. சக்தி கூட, அதோடு உயரத்தில் இருக்கிற ரிப்பீற்றர் நிலையம் எங்கள் குரலை வாங்கித் திருப்பி அனுப்புவதால் பல மைல் போகும். பெயர்லாண்டில் மீனாட்சி அம்மன் கோவில் பக்கம் இருப்பவர்களும் சுகர்லாண்டில் இருப்பவர்களும் எங்களோடு கதைக்க இதுதான் வழி. ரிப்பீற்றர் வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஹாம் றேடியோ. இதற்குச் சோதனை உண்டு. ஆரம்ப வகுப்புக்கு 35 கேள்வி, 26 சரி வந்தால் பாஸ். கேள்விகள் முழுவதையும் முன்பே வெளியிட்டு விடுகிறார்கள். மோர்ஸ் தந்தி அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. நான் இரண்டாம் தரம்தான் பாஸ் பண்ணினேன். ஏ.எல். பௌதிகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் உதவியது. இதன் அருமைக்கு ஒரு உதாரணம். 2004 மார்கழி 26 சுனாமி நேரம், டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஹாம் நிலையம் நடத்துவதற்காக அந்தமானில் போர்ட் பிளேயரில் நின்றார். தொலைபேசி செத்துக் கிடந்த அந்தத் தீவிலிருந்து, உறவுகளைத் தேடியவர்களுக்கான செய்திகளை அவரும் கூட நின்றவர்களும் வானலையில் அனுப்பினார்கள். இது ஆம்பிளையளின்ரை பொழுதுபோக்கு என்று நினைக்கிற தங்கைமாருக்காக இதைச் சொல்கிறேன்.

இவற்றோடு ஒரு வானிலை றேடியோவும் வீட்டில் இருக்க வேண்டும். 162 மெகாஹேட்சில் அரசாங்க வானிலை அறிவிப்பு இருபத்துநான்கு மணித்தியாலமும் போகும். ஹரிஸ் கவுன்ரிக்கு 048201, போர்ட் பென்ட் கவுன்ரிக்கு 048157 என்ற இலக்கத்தைக் கொடுத்து வைத்தால், எங்கள் பகுதிக்கு ஆபத்து அறிவித்தவுடன் நித்திரையிலும் கத்தி எழுப்பும்.

இனி நீங்கள் என்னிடம் தனியாக வந்து மெதுவாகக் கேட்கிற கேள்விகள்.

சிற்றிசன் இல்லாதவர் எடுக்கலாமா? எடுக்கலாம். ஜி.எம்.ஆர்.எஸ்.சுக்கும் ஹாமுக்கும் குடியுரிமை கேட்பதில்லை. விண்ணப்பிக்கும்போது சோசல் செக்கியூரிற்றி இலக்கம் கேட்பார்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லைசன்ஸ் எடுத்தவரின் பெயரும் முகவரியும் யாரும் பார்க்கக்கூடிய பட்டியலில் வரும். அது விருப்பமில்லாதவர்கள் தபால்பெட்டி முகவரி கொடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் முதலாவது வகையோடு நில்லுங்கள், ஒரு குறையும் இல்லை.

தமிழில் கதைக்கலாமா? தாராளமாக. ஜி.எம்.ஆர்.எஸ்.சிலும் ஹாமிலும் உங்கள் அழைப்புக் குறியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இரகசியச் சங்கேத மொழிதான் கூடாது. தமிழ் சங்கேதம் அல்ல.

வேறு ஆட்கள் கேட்பார்களா? கேட்பார்கள். "பிறைவசி கோட்" என்று ஒன்று பெட்டியில் இருக்கும். அது உங்கள் காதில் மற்றவர் சத்தம் விழாமல் செய்யுமே தவிர, உங்கள் பேச்சை மறைக்காது. ஆகவே வீட்டில் தனிய நிற்கிறோம், நகை இருக்கிறது, வழக்கு நடக்கிறது என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டாம்.

இணையத்தில் இருபது இருபத்தைந்து டொலருக்கு எல்லா அலைவரிசையிலும் பேசுகிற செற் விற்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கலாம். லைசன்ஸ் இல்லாமல் அதில் பேசுவது குற்றம். சட்டத்தோடு எங்களுக்கு இருக்கிற பிரச்சினைகள் போதும்.

இப்போது என் வேண்டுகோள். ஒவ்வொரு அப்பார்ட்மென்ற் தொகுதியிலும் ஒரு வீடு வோக்கி வீடாக இருக்கட்டும். சனல் 3. பிறைவசி கோட் பூச்சியத்தில். கரண்ட் போன நாளில் 12, 3, 6, 9 மணிக்கு மூன்று நிமிடம் மட்டும் போடுங்கள், பிறகு நிப்பாட்டுங்கள். இப்படிச் செய்தால் பற்றரி நாட்கணக்கில் வரும். பொத்தானை அமத்தி, ஒரு விநாடி பொறுத்து, நான்கு விசயம் சொல்லுங்கள்: யார், எங்கே, எத்தனை பேர், என்ன தேவை. பொத்தானை விட்டால்தான் மறுமொழி கேட்கும். சண்டைக்குப் போன ஆட்கள் மாதிரி இரண்டு பேரும் ஒன்றாகக் கதைத்தால் ஒன்றும் கேளாது.

உயிர் ஆபத்து என்றால் முதலில் 911 தான். கோல் போகாவிட்டால் ஹரிஸ் கவுன்ரியில் எழுத்துச் செய்தியும் அனுப்பலாம். அதுவும் போகாவிட்டால் வோக்கியில் சொல்லுங்கள். அடுத்த தொகுதியில் யாருக்காவது போன் வேலை செய்யும், அவர் 911 க்குச் சொல்லுவார். சொல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடந்தாவது போக வேண்டும். குறித்த நேரத்தில் ஒரு வீடு பேசாவிட்டால், பாதை பாதுகாப்பாக இருந்தால், கிட்ட இருப்பவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மெசினில் இருப்பவர்கள், நடக்க ஏலாதவர்கள், தனிய இருக்கும் கிழவன் கிழவியர் யார் யார் என்ற பட்டியலைக் கடதாசியில் எழுதி வோக்கி வீட்டில் வையுங்கள். போனுக்குள் இருக்கிற பட்டியல் போனோடு செத்துவிடும். சும்மா இருக்கிற காலத்தில் பற்றரியைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள், ஒழுகிப் பழுதாகாது.

புயல் காலம் ஜூன் 1 இல் தொடங்கி நவம்பர் 30 வரை. சித்திரை பிறந்தால் எங்களுக்கு ஏழு கிழமைதான் இருக்கிறது. புத்தாண்டுக்குப் பிள்ளைகளுக்குக் கைவிசேசம் கொடுப்பீர்கள். இந்த முறை வீட்டுக்கு ஒரு சோடி வோக்கியும் வாங்குங்கள். அடுத்த கூட்டத்தன்று எல்லோரும் கொண்டுவந்து, கார் நிறுத்துமிடத்தில் ஒரு தரம் பேசிப் பார்ப்போம். நான்கு வீடு ஏற்கனவே பெயர் தந்திருக்கிறது. முதலாவது பெயர் அந்த அன்ரியுடையது.

முன்வரிசை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிய இதில் ஒன்றை நீங்கள் கையில் எடுங்கோ. நான் வாசலில் மற்றதோடு நிற்கிறன். பொத்தானை அமத்தி உங்கட ஊர்ப் பெயரைச் சொல்லுங்கோ, அது போதும். இங்கே ஒருவரும் வந்து உங்களைக் கேட்கமாட்டினம்.