இரண்டு கிலோ விதை



மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஐந்து பெற்றவரும், ஒன்றைப் புதைத்தவரும் நம் நினைவில் நிற்கிறார்கள். இரண்டு பெற்று அதை நான்காக்கிக் கொடுத்தவரை நாம் மறந்துவிடுகிறோம்.

அந்தக் கணக்கை நம் காலத்தில் வயலில் நடத்திக் காட்டியவர், திருத்துறைப்பூண்டிப் பகுதியின் நெல் ஜெயராமன். நுகர்வோர் உரிமைப் பணி வழியாகப் பொதுவாழ்வுக்கு வந்தவர். 2003இல் நம்மாழ்வார் காவிரிப் படுகையில் நடைப்பயணம் சென்றபோது, உழவர்கள் சில மரபு நெல் விதைகளைக் கொடுத்தார்கள். அவற்றைப் பெருக்கும் பொறுப்பை ஜெயராமன் ஏற்றார். 2006இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கினார். அங்கு வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதை கிடைக்கும். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அது இன்னும் இருவருக்குப் போய்ச் சேரும். 2018 டிசம்பர் 6ஆம் நாள் அவர் இறப்பதற்குள் 170க்கும் மேற்பட்ட நெல் வகைகள் மீட்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றான குழியடிச்சான் உவர் நிலத்திலும் விளையும். நிலத்தடி நீரில் உப்பு ஏறிவரும் கடலோரப் பாகூர் மக்களுக்கு அதன் அருமை தெரியும்.

விதைநெல்லைப் பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது. சில ஆண்டுகளில் அதன் முளைப்புத்திறன் போய்விடும். விதைத்தால்தான் விதை பிழைக்கும். ஒருவர் வயல் வெள்ளத்தில் போனாலும், பலரிடம் கொடுத்து வைத்த விதை எங்கோ ஓரிடத்தில் விளைந்து நிற்கும்.

உவமையின் மூன்றாம் பணியாளரும் மண்ணைத் தோண்டினார். உழவரும் மண்ணில்தான் புதைக்கிறார். முன்னவர் அச்சத்தால் புதைத்தார். பின்னவர் நம்பிக்கையோடு புதைக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களில் இன்று நாற்பது, ஐம்பது வயதில் ஏர் பிடிக்கும் பலர், ஒரு காலத்தில் இளைஞர் நற்பணி மன்றத்தில் இருந்தவர்கள். கூட்டத்தில் எழுந்து பேசவும், ஊர்ப்பணத்துக்குக் கணக்கு எழுதவும், சாதி பாராமல் சேர்ந்து வாய்க்கால் தூர்வாரவும் மன்றம் நமக்குக் கற்றுத் தந்தது. அதுவே நாம் பெற்ற இரண்டு கிலோ விதை. திருமணம், பிள்ளைகள், கடன் என்று வந்தபின் அதைப் பரணில் போட்டுவிட்டோமா? இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று குறைசொல்லும் நாம், அவர்கள் கையில் எந்த விதையைக் கொடுத்தோம்?

வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும், மன்றத்தில் இருந்த ஒவ்வொருவரும் இரண்டு இளைஞர்களை அழைத்துப் பேசுவோம். ஏரிக்கரைக்கோ, மருத்துவமனையில் கிடக்கும் ஏழையிடமோ அவர்களைக் கூட்டிச் செல்வோம். செய்யச் சொல்வதோடு நிற்காமல், நாமும் கூடச் செய்வோம்.

பெற்றதைப் பெருக்கித் தரும் மனத்தை ஆண்டவர் நம் அனைவருக்கும் அருள்வாராக! ஆமென்.