கம்பெனி கட்டிக் கொடுத்த வீடும் நம்ம பேர்ல இருக்கிற வீடும்

(இடையஞ்சாவடியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம எப்பவும் சேமிப்பு, கடன், வட்டி பத்திப் பேசுறோம். இன்னைக்கு வீட்டைப் பத்திக் கொஞ்சம் பேசலாம்னு வந்திருக்கேன். அதுவும் முதலாளி கட்டிக் கொடுத்த வீட்டைப் பத்தி.

கோலார் லைன் வீடுகள்

கர்நாடகாவில் கோலார் தங்கவயல் இருக்கிறது. 2024-ல் வந்த 'தங்கலான்' படம் அந்த ஊர்க் கதைதான். 1880-ல் ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்ட வந்தது. பூமிக்குள் இறங்கி வேலை செய்ய ஆள் வேண்டுமே! வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அதில் பெரும்பாலோர் நிலம் இல்லாத தாழ்த்தப்பட்ட மக்கள்.

அவர்கள் தங்கக் கம்பெனி வரிசை வரிசையாகக் குடில்கள் போட்டுக் கொடுத்தது. மூங்கில் தட்டியில் சுவர், தகரத்தில் கூரை. இதற்கு 'லைன்' என்று பேர். ஒரே ஒரு அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை, அதிலேயே பிரசவம். கக்கூஸ் எல்லாருக்கும் பொது. அதே ஊரில் துரைமார்களுக்குத் தோட்டம் போட்ட பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் இருந்தது. அந்த ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்றே சொன்னார்கள். 1902-லேயே சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து சுரங்கத்துக்குக் கரண்ட் கொண்டு வந்தார்கள். அவ்வளவு தூரம் கரண்டைக் கொண்டு வர முடிஞ்சவங்களுக்கு, தொழிலாளிக்கு இன்னும் ஒரு அறை கட்டித் தர முடியாதா? நீங்களே சொல்லுங்க.

சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. உள்ளே பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். ஷிப்டுக்குப் போன புருஷன் திரும்பி வருவாரா என்று வாசலில் நின்ற பெண்கள் எத்தனை பேர்! கல் தூசி நெஞ்சில் படிந்து இருமி இருமியே போனவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குச் சோறாக்கி, மருந்து கொடுத்து, குழந்தைகளைப் படிக்க வைத்தது அந்த ஓர் அறைக்குள்தான்.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது. ஆனால் ஜனங்கள் லைனை விட்டுப் போகவில்லை. எங்கே போவார்கள்? நாலைந்து தலைமுறை பிறந்து வளர்ந்த இடம் அது. விடிவதற்கு முன் ரயில் பிடித்து 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்புகிற ஆண்களும் பெண்களும் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இலங்கை லயம்

கடல் தாண்டி இலங்கை மலையகம் போன நம் ஜனங்களுக்கும் இதே கதை. தேயிலைத் தோட்டத்தில் 'லயம்' என்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, சுவருக்குச் சுவர் ஒட்டி. 150 வருஷத்துக்கு மேல் உழைத்தும் அந்த அறை அவர்களுக்குச் சொந்தமில்லை, தோட்டத்துக்குச் சொந்தம். 1948-ல் குடியுரிமையும் பறிபோனது. அதைத் திரும்ப வாங்கவே பல வருஷம் ஆனது. பிறகு இந்திய அரசு உதவியில் 4,000 தனி வீடுகள் கட்டினார்கள். 2017-ல் இன்னும் 10,000 வீடு அறிவித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம். நம்ம கணக்கில் நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட.

நமக்கு என்ன பாடம்?

முதல் பாடம், வேலையோடு சேர்ந்து வந்த வீடு வேலையோடு போய்விடும். முதலாளி வீட்டில் இருப்பவர் கூலி கூடக் கேட்கப் பயப்படுவார். வாயைத் திறந்தால் கூரை போய்விடுமே!

இரண்டாவது, துரை பங்களாவைப் பழம்பெருமை என்று படம் எடுக்கிறார்கள். தொழிலாளி லைனை இடிந்து விழட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் தங்கத்தை வெளியே கொண்டு வந்தது லைனில் இருந்தவர்கள்தானே? அதுவும் நம் சொத்துதான், நம் சரித்திரம்தான்.

நம்ம பக்கத்தையே பாருங்க. புதுச்சேரி பஞ்சாலைகளை நம்பி எத்தனையோ குடும்பம் இருந்தது. 1936 ஜூலை 30-ல் சவானா ஆலைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளிகள் உயிர் விட்டார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தால் கிடைத்தது. அந்த ஆலைகள் எல்லாம் இப்போது மூடிக் கிடக்கின்றன. மரக்காணம் உப்பளத்தில் கால் வெடிக்க வேலை செய்கிற பெண்களுக்கு, லைன் வீடு கூட யாரும் கட்டிக் கொடுக்கவில்லை. நிழலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை இருந்தாலே பெரிசு. மழைக்காலம் வந்தால் அந்த வேலையும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

1. வீட்டுப் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் எடுத்துப் பாருங்கள். வீட்டு வரி ரசீது வேறு, பட்டா வேறு. ரசீதை மட்டும் வைத்து வீடு நம்முடையது என்று இருந்துவிடக் கூடாது.

2. மாமனார் பேரிலோ, இறந்துபோன கணவர் பேரிலோ இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றலுக்கு மனுக் கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவில் நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.

3. மனை இல்லாத உறுப்பினர்கள் பெயரை ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அரசு மனைப்பட்டா பெண்கள் பேரிலேயே கொடுக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

4. ஆலைக்குப் போன தாத்தா, உப்பளத்துக்குப் போன பாட்டி உங்கள் தெருவில் இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உட்கார வைத்து அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். என்ன கூலி, எத்தனை மணி நேரம், எங்கே தங்கினார்கள் என்று எழுதினால் போதும். அவர்கள் போன பிறகு கேட்க முடியாது.

கோலார் அம்மாக்கள் ஓர் அறைக்குள் இருந்து பிள்ளைகளை ஆளாக்கினார்கள். நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை, கையில் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் பட்டா நகலோடு வாருங்கள். இல்லாதவர்கள் மனுவோடு வாருங்கள்.